நொச்சியின் ஆள்கூறுகளும் உன் மாமாவின் வீடும்

மகன்,

வருகிற வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் உன் நிக்காஹ். ஜவாத் உன் கையைப் பிடித்துக்கொண்டு, தன் மகளை உனக்கு மணமுடித்துத் தருவதாகச் சொல்வான். நீ ஏற்றுக்கொண்டேன் என்பாய். சாட்சிகள் இருப்பார்கள், மௌலவி ஓதுவார், பதிவுகாரர் எழுதுவார். நானும் உன் பக்கத்தில் சட்டை கசங்காமல் உட்கார்ந்திருப்பேன். ஆனால் எனக்குச் சொல்வதற்கு அங்கே ஒரு வசனமும் இல்லை. பெண்ணின் வாப்பாவுக்கு வசனம் உண்டு, மாப்பிள்ளையின் வாப்பாவுக்கு இல்லை. மார்க்கம் அப்படி, அதில் நான் குறை சொல்லவில்லை. மற்ற வாப்பாமார் இதற்கு ஈடாக யாரையாவது பிடித்து வாழ்த்துப்பா எழுதுவித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில் வாசிக்கச் செய்வார்கள். எனக்குப் பா வராது, அடுத்தவன் எழுதிய பாவைக் கேட்டுக்கொண்டிருக்கப் பொறுமையும் வராது. அதனால் என் வசனங்களை இங்கே எழுதுகிறேன். அச்சில் வரட்டும். ஊர் வாசிக்கட்டும், ஜவாதும் வாசிக்கட்டும். சம்மந்தியை ‘அவர்’ என்று எழுத வேண்டும் என்கிறாள் உன் உம்மா. இருபத்தைந்து வருடச் சினேகிதனை வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ‘அவர்’ ஆக்கிப் பார்ப்போம், இன்றைக்கு அவன்தான்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பொறாமை. நம் கரையில் ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அங்கே போய்ச் சேருகிறவன். நானும் அப்படித்தான் ஒரு பெட்டிப் புத்தகத்தோடு உன் உம்மாவின் வீட்டுக்கு வந்தேன். ஆகவே ஆண்பிள்ளை பிறந்த அன்றே வாப்பாவுக்குத் தெரியும், இவன் ஒருநாள் வேறு வீட்டுச் சாப்பாட்டைப் புகழுவான் என்று. அதற்கு மனதைத் தயார் செய்துதான் வைத்திருந்தேன். கல்முனையில் எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. கடைக்காரர் வீடு, வயற்காரர் வீடு, நகைக்காரர் வீடு. அவற்றில் எதற்கு நீ போயிருந்தாலும் நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்து, மூன்றாம் நாள் வகுப்பெடுக்கப் போயிருப்பேன். நீ போகிற வீடு ஜவாதின் வீடு. அங்கேதான் எனக்குச் சிக்கல்.

போன கிழமை சோறு தின்னும்போது நீ கேட்டது நினைவிருக்கும். ஜவாத் இப்போதே உனக்கு மாமா.

“வாப்பா, மாமாவும் நானும் நொச்சியத் திரும்ப எடுக்கப் போறம்.”

“எந்த நொச்சி?”

“உங்கட நொச்சிதான். பிழைச்ச நொச்சி. அத இப்ப ஆய்வுகூடத்தில செஞ்சு எடுக்கலாமாம், மாமா சொன்னார். மாமாட வீட்டு மேல் அறையில மெசின் எல்லாம் போட்டாச்சு. நீங்களும் வாங்களன். மூணு பேரும் செய்வம்.”

நான் மீன் முள் எடுப்பதில் கவனமாக இருந்தேன். உன் உம்மாதான் சொன்னாள். “புள்ள கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. முள்ளு எப்பவோ எடுத்தாச்சு.”

அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். ஆனால் ஊரும் வாசிப்பதால், பிழைத்த நொச்சி, அதாவது பிழையாகிப்போன நொச்சி, என்றால் என்ன என்று முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குக் கடலிலிருந்து தொடங்க வேண்டும்.

கடல் ஊருக்குள் வந்த அன்று, அந்தச் சுனாமி அன்று, உனக்கு மூன்று வயது. கல்முனைக்குடியில் உன் உம்மாவுக்குக் கிடைத்த வீடு கரையிலிருந்து கூப்பிடு தூரம். நான் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு மேற்கே ஓடினேன். உன் உம்மா எனக்கு முன்னால் ஓடினாள், அவள் என்னைவிட வேகம். எங்கள் ஒழுங்கையிலிருந்து திரும்பாதவர்களைப் பற்றி இந்தக் கலியாணக் கடிதத்தில் எழுத மாட்டேன். பிரதான வீதியைக் கடந்து நாங்கள் போய் நின்றது ஜவாதின் வீட்டு வாசலில். அவன் வீடு வரைக்கும் கடல் தண்ணீர் வரவில்லை. கரண்ட் வந்ததும் அவனுடைய கணினி வழமைபோல வேலை செய்தது. என் வீடு இருந்த இடத்தில் குளியலறைத் தரை மட்டும் இருந்தது. அப்போதும் அவன்மேல் பொறாமை வரவில்லை. வந்தது ஒரு கிழமை கழித்து. உன்னை நான் தூக்கித் தோளில் போட்டால் போதும், நீ மேற்குப் பக்கம் கையைக் காட்டிக் கத்தத் தொடங்குவாய். வாப்பாவின் தோளில் ஏறினால் ஓட வேண்டும் என்று உன் உடம்பு படித்துவிட்டது. ஜவாத் தூக்கினால் நித்திரையாகிவிடுவாய். எத்தனையோ முறை செய்து பார்த்தேன். முடிவு மாறவில்லை.

“புள்ளைக்கு உன்ட தோள் ஓட்டத் தோள், மச்சான்” என்றான் ஜவாத், நீ அவன் கழுத்தில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருக்க. “என்ட தோள் நிண்ட தோள். அவ்வளவுதான். மனசில வெக்காத.”

அவன் சொன்னது சரி. ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்லி, கூடவே மனதில் வைக்காதே என்றும் சொல்கிறவனை எனக்குப் பிடிப்பதில்லை. நான் மனதில் வைத்தேன். நீ மறுபடி என் தோளில் அழாமல் இருக்க நோன்பும் பெருநாளும் கழிய வேண்டியிருந்தது. அதற்குள் ஜவாதின் தோள் உனக்குப் பழகிவிட்டது. வெள்ளிக்கிழமை அவன் உன் கையைப் பிடிக்கும்போது எனக்கு என்ன நினைவு வரும் என்று நீ கேட்க வேண்டியதில்லை.

பிறகு வீடிழந்தவர்களுக்குக் கொடுத்த தகரக் கொட்டில். நாங்கள் இரண்டு பேரும் இரசாயனம் படித்தவர்கள், இரண்டு பேரும் உயர்தர டியூஷன் வகுப்பு எடுத்துப் பிழைத்தவர்கள். மலைநாட்டில் ஒரு பேராசிரியர், மேற்படிப்புக்குக் கிழக்கிலிருந்து ஒருவரை எடுப்பதாகச் சொல்லியனுப்பினார். ஒருவரைத்தான். வெறும் சான்றிதழோடு வரக்கூடாது, ஊர்ச் செடி ஒன்றில் இருக்கிற சின்ன மூலக்கூறு ஒன்றை எடுத்து, அதன் அணுக்கள் வெளியில் எங்கெங்கே நிற்கின்றன என்ற ஆள்கூறுகளைத் தேடி, அது நுளம்பின் புரதம் ஒன்றுக்குள் போய்ப் பொருந்துமா என்று கணினியில் பார்த்துக்கொண்டு வர வேண்டும். ஜவாத் ஆடாதோடையை எடுத்தான். நான் நொச்சியை எடுத்தேன். கொட்டிலில் நுளம்புக்கு நொச்சி இலையைத்தான் புகைத்தோம். நுளம்பும் வெளியே ஓடியது, நாங்களும் இருமிக்கொண்டு வெளியே ஓடினோம். அந்த எண்ணெயில் இருக்கிற மூலக்கூறின் பெயரை இங்கே எழுதினால் மௌலவி பக்கத்தைத் திருப்பிவிடுவார். நொச்சி என்றே வைத்துக்கொள்வோம்.

ஆள்கூறு என்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. அறையின் மூலையில் நின்று, மின்விசிறி எங்கே இருக்கிறது என்று கேட்டால் மூன்று இலக்கம் போதும். இந்தச் சுவரோரம் இவ்வளவு, அந்தச் சுவரோரம் இவ்வளவு, மேலே இவ்வளவு. மூலக்கூறில் ஒவ்வோர் அணுவுக்கும் அப்படி மூன்று. அவ்வளவுதான். கஷ்டம் அந்த இலக்கங்களை எங்கிருந்து எடுப்பது என்பதில் இருக்கிறது. பளிங்காக்கி, எக்ஸ் கதிர் விட்டு அளக்கலாம். அது எங்கள் கொட்டிலுக்குச் சரிவராது. கடதாசியில் வரைகிற தட்டையான படத்தை மென்பொருளுக்குக் கொடுத்து எழுப்பச் சொல்லலாம். அல்லது யாரோ ஏற்கெனவே செய்து தரவுத்தளத்தில் போட்டதை இறக்கலாம். நான் மூன்றாவதைச் செய்தேன். கல்முனை டவுனில் இன்டர்நெட் கடை ஒன்று இருந்தது. கோப்பு திறந்தது. பெண்டிரைவை வெளியே எடுத்தேன்.

“குத்த வேணாம் தம்பி” என்றார் கடைக்காரர். “போன கிழமை ஒருத்தன் கொண்டந்து குத்தினான். அண்டையிலிருந்து நாலு மெசினும் தும்முது. வேணுமெண்டால் பிரின்ட் எடுத்துக் கொண்டு போ.”

பிரின்ட் எடுத்தேன். ஒரு பக்கம். ஒவ்வொரு நிரையிலும் ஓர் அணு. இடப்பக்கத்தில் மூன்று இலக்கங்கள், அவற்றுக்கு வலப்பக்கத்தில் காபனா ஐதரசனா என்று காட்டும் ஓர் எழுத்து. அதற்கப்பால் ஒன்றுக்கும் உதவாத சைபர்கள், அவற்றைப் பேனையால் வெட்டிவிட்டேன். ஜவாதின் வீட்டுக் கணினியில் நான் வைத்திருந்த மென்பொருளுக்கு வேறு ஒழுங்கு வேண்டும். அதில் எழுத்து முதலில் வரும், பிறகு மூன்று இலக்கம். கோப்பு மாற்றம் என்பது இதுதான். ஒரே சரக்கை ஒரு பெட்டியிலிருந்து எடுத்து வேறு அறைகள் உள்ள இன்னொரு பெட்டியில் அடுக்குவது. நான் விசைப்பலகையைப் பார்த்துப் பார்த்துத் தட்டுகிறவன், கடதாசியையும் பார்த்தால் வரி தவறும். உன் உம்மாவை வாசிக்கச் சொன்னேன். “முதல்ல எழுத்தச் சொல்லு, பிறகு மூணு இலக்கத்தையும் சொல்லு” என்றேன். அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் கொட்டில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்து முடித்துவிட்டு வந்திருந்தாள். விரலை வைத்து வாசித்தாள். நான் அடித்தேன். மஃரிபுக்கு முன்னம் முடிந்தது.

மூலக்கூறு திரையில் எழும்பியது. பிணைப்பு நீளம் எல்லாம் சரி, கோணங்கள் சரி, சக்தி சரி. மென்பொருள் ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை. புரதத்துக்குள் விட்டேன். அப்படியொரு பொருத்தத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. அன்றிரவு கொட்டிலில் படுத்துக்கொண்டு மலைநாட்டுக் குளிருக்கு உனக்கு எத்தனை கம்பளிச் சட்டை வேண்டும் என்று உன் உம்மாவோடு கதைத்தேன்.

அடுத்த நாள் ஜவாத் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து திரைக்கு முன்னால் குந்தினான். மூலக்கூறை இப்படியும் அப்படியும் திருப்பினான்.

“மச்சான், இது நொச்சி இல்ல.”

“அப்ப என்ன, கத்தரிக்காயா?”

“கண்ணாடிக்குள்ள நிக்கிற நொச்சி. இஞ்ச பார், புத்தகத்தில இந்தக் கிளை உனக்கு நேரா வருது. உன்ட படத்தில முதுகு காட்டிப் போகுது.”

நான் தரவுத்தளத்தைத் திட்டினேன், கடைக்காரரின் மெசினைத் திட்டினேன். உன் உம்மா அந்தக் கடதாசியை எடுத்து மடியில் வைத்து, விரலை எழுத்தில் வைத்தாள். விரல் அங்கிருந்து இடப்பக்கமாக நகர்ந்தது. மூன்றாம் இலக்கம், இரண்டாம் இலக்கம், முதலாம் இலக்கம்.

“நான் இப்படித்தான் வாசிச்சன்” என்றாள். “நீங்கதானே எழுத்து முதல்ல எண்டீங்க. எழுத்து வலப்பக்கம் கிடந்திச்சு. அங்கேருந்து வந்தன். அரபு ஓதிக் குடுத்திட்டு வந்தவள் வேற எங்கேருந்து வருவாள்?”

ஜவாத் சிரித்ததில் தேத்தண்ணி சட்டையில் ஊற்றியது. உன் உம்மாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, இன்றைக்கும் முழுதாக வரவில்லை. விளங்காதவர்களுக்கு ஒரே வரியில் சொல்கிறேன். மூன்று இலக்கங்களில் முதலாவதையும் மூன்றாவதையும் எல்லா அணுவுக்கும் இடம் மாற்றினால், வலது கை இடது கை ஆகிவிடும். விரல் ஐந்தும் இருக்கும், ஒவ்வொரு விரலின் நீளமும் சரியாக இருக்கும், யார் அளந்தாலும் பிழை தெரியாது. கையுறை மட்டும் வேறு கையுறையாகிவிடும். நுளம்பின் புரதத்துக்குள் அழகாகப் போய் உட்கார்ந்தது, எந்த நொச்சி மரத்திலும் இல்லாத ஒரு நொச்சி.

திருத்துவது மிகச் சுலபம். ஒரு நிரலை மட்டும் எடுத்து, அதில் சகக் குறியை (+) சயக் குறியாகவும் (−), சயத்தைச் சகமாகவும் மாற்றினால் போதும். ஜவாத் என்னைக் கேட்டுவிட்டுத்தான் செய்தான். உண்மையான நொச்சி திரையில் வந்தது. மறுபடி புரதத்துக்குள் விட்டோம். வாசலிலேயே நின்றுவிட்டது. எத்தனை விதமாகத் திருப்பி விட்டாலும் உள்ளே போகவில்லை. ஆடாதோடை சுமாராகப் பொருந்தியது. பேராசிரியருக்குச் சுமார் போதுமாயிருந்தது. ஜவாத் மலைநாட்டுக்குப் போனான், அங்கிருந்து வெளிநாட்டுக்கும் போனான். நான் டியூஷன் வகுப்புக்குப் போனேன்.

மகன், இதில் ஜவாத் ஒரு பிழையும் செய்யவில்லை. அவன் பேசாமல் இருந்திருந்தால் நான் இல்லாத நொச்சியைத் தூக்கிக்கொண்டு மலையேறியிருப்பேன், அங்கே நாலு பேர் முன்னிலையில் பிடிபட்டிருப்பேன். அவன் என்னைக் காப்பாற்றினான். கெடுத்தவன்மேல் வருவது கோபம், ஒருநாள் ஆறிவிடும். காப்பாற்றியவன்மேல் வருகிற இந்த எரிச்சலுக்கு இதுவரை மருந்து கிடைக்கவில்லை. பெருநாளைக்குக் கட்டிப்பிடித்து சலாம் சொல்லும்போது அவனுக்கு என் நெஞ்சு இடிப்பது கேட்டிருக்கும்.

போர் முடிந்த அந்த மே மாதத்தில் அவன் லீவில் வந்திருந்தான். சந்தியில் வெடி கொளுத்தினார்கள். சோதனைச்சாவடியில் மறித்துப் பாற்சோறு தந்தார்கள். சொறிக்கல்முனையிலிருந்து என் வகுப்புக்கு வருகிற தமிழ்ப் பிள்ளைகள் அன்றைக்கு ஒருவரும் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு வீதியில் நடப்பது என்று தெரியாமல் நான் வீட்டுக்கு வந்தேன். வீட்டில் ஜவாத் இருந்தான். உனக்கு ஒரு பெட்டி நிறைய பிளாஸ்டிக் அணுக்கள் கொண்டு வந்திருந்தான். கறுப்புக் காபன், வெள்ளை ஐதரசன், சிவப்பு ஒட்சிசன். அதற்கு முந்திய கிழமை முழுக்க நான் உனக்கு அறையின் மூலையை வைத்து ஆள்கூறு சொல்லித் தந்துகொண்டிருந்தேன். நீ ஒரு மூலக்கூறைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாய்.

“வாப்பா, இதுக்கு மூலை எங்க?”

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். ஜவாத் முந்திவிட்டான். “எங்க வேணுமெண்டாலும் வை, மனே. மூலை உன்ட இஷ்டம். இதுக்கும் இதுக்கும் இடையில உள்ள தூரம் மட்டும் மாறப்படாது.”

உனக்கு உடனே பிடிபட்டது. உன் முகத்தில் அது தெரிந்தது. என் கிழமை முழுவதையும் அவன் ஒரு வசனத்தில் தாண்டிவிட்டான். அன்றிலிருந்து நான் உன்னை விடவில்லை. அவன் திரும்பி விமானம் ஏறுவதற்குள் உனக்குப் பிணைப்புக் கோணம் வரை வந்துவிட்டது. உனக்குக் கல்வியில் ஆர்வம் ஊட்டியவர் என்று பாடசாலை மலரில் என் படத்தைப் போட்டாய். ஊட்டியது ஆர்வமில்லை, ஜவாதுக்கு முன்னால் நீ என் மாணவனாக இருக்க வேண்டும் என்ற அவசரம். நீ இன்றைக்கு இந்தத் துறையில் நிற்பது என் பொறாமையால்தான். அது இவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் குறைத்திருப்பேன். நீ என்னையும் தாண்டிப் போய்விட்டாய். ஒருநாள் நீ மடிக்கணினியில் ஒரு மூலக்கூறின் ஒற்றை வரிக் குறியீட்டைத் தட்டினாய். நான் தேத்தண்ணியை ஊதிக் குடிக்க முன்னம் அது முப்பரிமாணத்தில் எழும்பி நின்றது. “பாருங்க வாப்பா” என்றாய். பார்த்தேன். பார்த்துவிட்டு, கடைக்குப் போக வேண்டும் என்று எழும்பிப் போனேன். கடையில் ஒரு வேலையும் இருக்கவில்லை.

ஜவாத் வெளிநாட்டை விட்டு ஊரோடு திரும்பிய பிறகு, பெண் வீட்டிலிருந்து பேச்சு வந்தபோது உன் உம்மாவோடு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், அவள் அனுமதி தந்துவிட்டாள்.

“ஜவாத் வீடா?” என்றேன்.

“வேற எந்த வீட்டில உங்கட மகனுக்கு மூலக்கூறு கதைக்க ஆள் கிடைக்கும்?”

“இந்த வீட்டிலயும் ஒரு ஆள் இரிக்கி.”

“ஓம், இரிக்கி. அந்த ஆள் இவனோட மூலக்கூறு கதைச்சு எவ்வளவு காலம்?”

அவள் என்னைத் தேற்ற நினைத்து, ஜவாதின் அந்தப் பழைய வசனத்தையே எடுத்தாள். மூலை மாறினாலும் தூரம் மாறாதே என்றாள். மாறும் என்றேன். அவன் இந்த அறையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும், அந்த வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்காது, ஓட்டோ பிடிக்க வேண்டும் என்றேன். அவள் “உங்களோட உவமை கதைக்க ஏலாது” என்று எழும்பிப் போனாள்.

இப்போது வாப்பா என்ற முறையில் சொல்ல வேண்டியது. மென்பொருள் மூன்று விநாடியில் தருகிறது என்பதற்காக நம்பாதே. எழுப்பச் சொன்னாயே, எழும்பியதா என்று பார். சில தரவுத்தளங்களின் கோப்பில் மூன்றாம் நிரல் முழுக்கப் பூச்சியமாக இருக்கும், படம் இன்னும் கடதாசியில்தான் படுத்திருக்கிறது என்று அர்த்தம். ஐதரசன்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணு. இடத்தை மிச்சம் பிடிக்க அவற்றை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், கலியாண வீட்டில் சின்னப்பிள்ளைகளைக் கணக்கில் விடுவதுபோல. பிறகு சோறு போதாது. ஒரு மென்பொருள் அங்ஸ்ரொமில் அளக்கும், இன்னொன்று நனோமீற்றரில் அளக்கும், இரண்டும் உன்னிடம் சொல்லாது. மாற்றியதும் மூலக்கூறு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிக் கிடந்தால் காரணம் அதுதான். எந்தப் பெட்டியிலிருந்து எந்தப் பெட்டிக்கு மாற்றினாலும், புதுப் பெட்டியில் எதற்கு அறை இல்லை என்று முதலில் கேள். பிணைப்புக்கு அறை இல்லாத கோப்பு உண்டு, மின்னேற்றத்துக்கு அறை இல்லாத கோப்பு உண்டு. மாற்றியதைத் திரும்ப மாற்றிப் பழையதோடு பொருத்திப் பார். முதலில் வந்த கோப்பை எக்காரணம் கொண்டும் அழிக்காதே. இடமா வலமா என்று பார்ப்பதை உனக்குச் சொல்லத் தேவையில்லை, அதைச் சொன்னால் உன் உம்மா எனக்குச் சோறு தர மாட்டாள். இன்னொன்று, ஒரு கோப்பு மூலக்கூறின் ஒரேயொரு நிலையைத்தான் காட்டும். அது முறுகும், மடங்கும், ஒரு கையை உயர்த்தும். ஒரு படத்தை வைத்துக்கொண்டு ஆள் இப்படித்தான் என்று முடிவெடுக்காதே. இதை மருமகளின் விஷயத்திலும் வைத்துக்கொள். அவள் ஒருநாள் முகம் சுளித்தால் அது அவளுடைய ஒரு நிலை.

அவளைப் பற்றி இன்னொன்று. நீ முடிப்பது ஜவாதின் மகளை, ஜவாதை இல்லை. மேல் அறையில் மாமாவோடு மூலக்கூறைத் திருப்பிக்கொண்டிருக்க, கீழே அவள் தனியே சோற்றை மூடி வைத்துக்கொண்டு இருக்கக்கூடாது. நான் இதைப் பொறாமையில் சொல்வதாக நீ நினைப்பாய். ஓம், பொறாமையில்தான் சொல்கிறேன். பொறாமையில் சொன்னாலும் இது சரி.

இனி நொச்சி. கண்ணாடி நொச்சி எந்த மரத்திலும் இல்லை என்றுதான் நான் அதை மூடி வைத்தேன். மரத்தில் இல்லாததை இப்போது ஆய்வுகூடத்தில் செய்து எடுக்கலாம் என்று ஜவாத் சொல்வதும் சரி. வழமைபோல அவன் சரி. அவனுக்கு வீடு நின்றது, தோள் நின்றது, இடம் கிடைத்தது, இப்போது நீயும் கிடைக்கிறாய். எனக்கென்று மிச்சம் இருந்தது அந்தப் பிழை ஒன்றுதான். அதையும் அந்த வீட்டுக்குக் கொண்டு போகலாமா என்று சோற்றுக் கோப்பைக்கு முன்னால் வைத்துக் கேட்கிறாய். கொண்டு போ. அதில் உன் உம்மாவுக்கும் பாதிப் பங்கு உண்டு, அவளிடமும் கேள்.

ஆனால் நானும் வருவேனா என்ற கேள்வி வேறு. கலியாணத்துக்குப் பிறகு பெண் வீட்டார் சம்மந்தியை அழைப்பார்கள். வான் வண்டி அனுப்புவார்கள், கூடத்தில் பெரிய கதிரையில் இருத்துவார்கள், வட்டிலப்பம் தருவார்கள். மேல் அறையையும் காட்டுவார்கள், வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போவதற்காக. அந்த விருந்துக்கு வந்து, தின்று, துஆ ஓதிவிட்டுத் திரும்புவேன். மேலே ஏற மாட்டேன். அந்த அறைக்கு விருந்தாளியாக வர எனக்கு ஏலாது. ஜவாத் வந்து கூப்பிட்டாலும் வர மாட்டேன். அவன் நல்ல மனதோடு கூப்பிடுவான், நான் நல்ல மனதோடு மறுப்பேன், அதோடு இரண்டு பேருக்கும் மரியாதை முடிந்துவிடும்.

நீ வா. சாதாரண வேலைநாள் ஒன்றில், வேலைக்குப் போகிற உடுப்போடு வா. உம்மாவிடம் சொல்லியனுப்பாதே, போன் எடுக்காதே. வாசலில் நின்று, வேலை கிடக்கிறது வாப்பா, வாங்க என்று சொல். நான் தலையிடி என்பேன், வகுப்பு இருக்கிறது என்பேன், உனக்கு அங்கே ஆள் இருக்கிறதுதானே என்றும் சொல்வேன். திரும்பிப் போய்விடாதே.

உன் வாப்பா